வரையாமல் விட்ட பூஜ்யங்கள்

"அச்சு பூஜ்யத்தில் தொடங்காத வரைபடத்தை எல்லாம் ஏமாற்று வேலை என்று ஒதுக்கிவிடலாமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

பட்டை வரைபடம் என்றால் பெரும்பாலும் ஒதுக்கலாம். பட்டையில் நம் கண் பார்ப்பது நீளத்தை மட்டும்தான். 2012இல் அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில், உச்ச வருமான வரி 35 சதவீதத்திலிருந்து 39.6 சதவீதம் ஆகும் என்று ஒரு படம் காட்டினார்கள். அச்சு 34இல் தொடங்கியது. ஒரு பட்டை 1 அலகு உயரம், பக்கத்துப் பட்டை 5.6 அலகு. எட்டில் ஒரு பங்கு உயர்வு ஐந்தரை மடங்காகத் தெரிந்தது. கோட்டு வரைபடத்துக்கு இந்த விதி பொருந்தாது. காய்ச்சல் அட்டையைப் பூஜ்யத்திலிருந்து வரைந்தால் 98.6உம் 104உம் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் கிடக்கும், டாக்டருக்கு உதவாது.

சரி, அச்சைப் பார்க்கப் பள்ளியிலேயே சொல்லிக் கொடுத்துவிடலாம். என்னைப் பல வருடமாகப் பிடித்து வைத்திருப்பது இன்னொரு வகை. அதில் அச்சு சரி, அளவு சரி, ஒவ்வொரு புள்ளியும் உண்மை. ஆனால் சில புள்ளிகளை வரையாமலே விட்டிருப்பார்கள்.

1986 ஜனவரி 27 இரவு. மறுநாள் சேலஞ்சர் விண்வெளி ஓடம் கிளம்ப வேண்டும். ஃபுளோரிடாவில் கடும் குளிர். ராக்கெட்டின் துண்டுகள் சேரும் மூட்டுகளில் சூடான வாயு கசியாமல் அடைப்பவை ஓ-ரிங் எனப்படும் ரப்பர் வளையங்கள். குளிரில் ரப்பர் விறைத்துவிடும், அழுத்தம் மாறும்போது சட்டென்று விரிந்து அடைக்காது என்று ராக்கெட்டைச் செய்த தயோகால் நிறுவனத்தின் பொறியாளர்கள் தொலைபேசிக் கூட்டத்தில் வாதாடினார்கள். பழைய பயணங்களின் கணக்கை எடுத்தார்கள். வளையம் சேதமான பயணங்கள் ஏழு.

ஒரு கிராஃப் தாளை எடுத்து நீங்களே வரைந்து பாருங்கள். கிடை அச்சில் ஃபாரன்ஹீட் வெப்பநிலை, நேர் அச்சில் சேதங்களின் எண்ணிக்கை. 53 டிகிரியில் மூன்று சேதம். 57, 58, 63இல் ஒவ்வொன்று. 70இல் இரண்டு பயணம், அவற்றிலும் ஒவ்வொன்று. 75இல் ஒரு பயணம், அதில் இரண்டு சேதம். கிண்ணம் போல ஒரு வடிவம் வரும். குளிரிலும் சேதம், வெயிலிலும் சேதம். வெப்பநிலைக்கும் இதற்கும் தொடர்பில்லை என்றுதான் எவருக்கும் தோன்றும். அன்றைக்கு மேலாளர்களுக்கும் அப்படித்தான் தோன்றியது.

இப்போது சேதமே இல்லாமல் திரும்பிய பயணங்களையும் சேருங்கள். அவற்றின் எண்ணிக்கை பூஜ்யம், அதனால் எல்லாம் கீழ் அச்சின் மேலேயே உட்காரும். பதினைந்துக்கும் மேற்பட்ட புள்ளிகள். நான் முதல்முறை பென்சிலால் ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போனபோது பாதியிலேயே கை நின்றுவிட்டது. அத்தனையும் 66 டிகிரிக்கும் அதற்கு மேலும் விழுகின்றன. 65க்குக் கீழே பறந்தவை நான்கே நான்கு, நான்கிலும் சேதம். கிண்ணம் மறைந்து, இடப்பக்கம் ஏறும் சரிவு தெரிகிறது. விபத்துக்குப் பின் விசாரணைக் குழு இந்த இரண்டு படங்களையும் அடுத்தடுத்து அச்சிட்டது.

நம்மூர் மூடநம்பிக்கைகள் பலவும் இதே ஓட்டையில்தான் பிழைக்கின்றன என்பது என் கருத்து. பூனை குறுக்கே போய்க் காரியம் கெட்ட நாள் பத்து வருடம் ஆனாலும் நினைவிருக்கும். பூனை போயும் ஒன்றும் ஆகாத நாட்களை யாரும் எண்ணுவதில்லை. ஜோசியம் பலித்த கதைதான் கல்யாண வீட்டுப் பந்தியில் வரும், பலிக்காதது வராது. "இத்தனை பேர் குணமடைந்தார்கள்" என்ற மருந்து விளம்பரத்தைக் கண்டால், சாப்பிட்டும் குணமாகாதவர்கள் எத்தனை பேர், சாப்பிடாமலே குணமானவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். அந்த எண்களைத் தர மறுக்கிறவரிடம் மருந்து வாங்காதீர்கள்.

அந்தக் கிராஃப் தாளில் இன்னும் ஒரு வேலை பாக்கி. அதுவரையிலான பயணங்களில் மிகக் குளிரானது 53 டிகிரி. மறுநாள் காலைக்கு எதிர்பார்த்த குளிர் சுமார் 30. அதைக் குறிக்க என் தாளில் இடமில்லை. இடப்பக்கம் இன்னொரு தாளை ஒட்டித்தான் அந்தப் புள்ளியை வைத்தேன். மற்ற எல்லாப் புள்ளிகளையும் விட்டு விலகி, வெள்ளைத்தாளில் தனியாக நிற்கிறது. ஓடம் கிளம்பிய 73ஆவது விநாடியில் உடைந்து சிதறியது; ஏழு பேர் இறந்தார்கள்.