சிக்லிட்: பூங்குருவியின் பெயர் வாங்கிய முரட்டு மீன்

தொட்டி மீன் வளர்ப்பவர்கள் சிக்லிட் என்ற மீன் குடும்பத்தின் பெயரை சிச்லிட், சிக்ளிட், சிக்லைட் என்று விதவிதமாக எழுதுகிறார்கள். சிக்லிட் என்பதே சரி. நடுவில் இருப்பது ககரம்தான், ஏனென்றால் மூலச்சொல் கிரேக்கத்தின் 'கிக்லே'. பூங்குருவிக்கு அந்தப் பெயர். அதே பெயரைக் கிரேக்கர்கள் ராஸ் வகைக் கடல்மீன் ஒன்றுக்கும் வைத்திருந்தார்கள். 1801இல் ப்ளாக், ஷ்னைடர் என்ற இரு ஜெர்மானிய அறிஞர்களின் நூல், நன்னீர் மீன்களின் பேரினம் ஒன்றுக்கு 'சிக்லா' என்று பெயரிட்டது. நாளடைவில் குடும்பம் முழுவதற்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. பறவையின் பெயர் கடலுக்குப் போய், அங்கிருந்து ஆற்றுக்கு வந்துவிட்டது. ராஸும் சிக்லிடும் நெருங்கிய உறவு என்று உயிரியலாளர்களே நெடுங்காலம் நம்பினார்கள், மரபணு ஆய்வு வந்துதான் பிரித்து வைத்தது.

இந்தக் குடும்பத்தில் 1,700க்கும் மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டுள்ளன. அடையாளம் காண்பது எளிது: தலையின் ஒவ்வொரு பக்கமும் ஒரே ஒரு நாசித்துளை இருக்கும், பெரும்பாலான மீன்களுக்கு இரண்டு. உடலின் பக்கக்கோடு நடுவில் அறுந்து, கீழே இன்னொரு கோடாகத் தொடரும். முதுகுத் துடுப்பின் முன்பகுதி முள்ளாக இருக்கும். தொண்டைக்குள் இரண்டாவது தாடை ஒன்று இருக்கிறது, இரையை அரைப்பது அதன் வேலை. முன்தாடை பிடிப்பதற்கு, கொறிப்பதற்கு, சண்டையில் எதிரியின் வாயைக் கவ்வி இழுப்பதற்கு.

தமிழில் இதற்கு என்ன சொல்வது? திலாப்பியாவும் சிக்லிட்தான், அதை நாம் ஜிலேபிக் கெண்டை என்கிறோம். அதைப் பார்த்து மொத்தக் குடும்பத்தையும் 'கெண்டை' என்று எழுதிவிடும் ஆசை சிலருக்கு வரும். வேண்டாம். கெண்டை வேறு குடும்பம். கெண்டைக்குத் தாடையில் பல் கிடையாது, பெரும்பாலான கெண்டைகள் முட்டையை இட்டதும் போய்விடும். சிக்லிடோ குஞ்சு நீந்திப் பிழைக்கும் வரை காவல் நிற்கும். அந்தக் காவல்தான் அதன் முரட்டுத்தனத்துக்குப் பெரிய காரணம் என்பதால் இந்த வேறுபாடு வளர்ப்பவருக்கு முக்கியம். கேரளத்தின் கரிமீனும் சிக்லிட்தான், ஆனால் அது ஓர் இனத்தின் பெயர், குடும்பத்துக்குப் பொருந்தாது. என்னைக் கேட்டால் சிக்லிட் என்றே வைத்துக்கொள்ளலாம். தமிழ் ஒலிக்கு இடைஞ்சல் இல்லை, பன்மையும் சிக்லிடுகள் என்று ஒழுங்காக வருகிறது.

சிக்கல் அதற்கு முன்னால் வரும் அடைமொழியில்தான். 'அக்ரசிவ்' என்பதை ஆக்ரோஷம் என்று பெயர்க்கிறார்கள். ஆக்ரோஷம் வடசொல், கூவுதல், திட்டுதல் என்பது அதன் வேர்ப்பொருள். (சண்டையின்போது சில சிக்லிடுகள் உறுமுவது உண்மைதான், ஆனால் அதற்காக வைத்த பெயர் இல்லை.) 'சண்டை மீன்' என்றால் எல்லோரும் பீட்டா என்ற வேறொரு தொட்டி மீனைத்தான் நினைப்பார்கள். மிஞ்சுவது முரடு. சொரசொரப்பு, வளைந்து கொடுக்காத தன்மை இரண்டும் அதில் இருக்கின்றன. முரட்டு சிக்லிட் என்றால் போதும்.

ஆனால் கடையில் 'முரடு' என்று சொல்லி விற்கும் மீன்கள் ஒரே காரணத்துக்காக முரடல்ல. ஆஸ்கார் என்ற சிக்லிட் 30 சென்டிமீட்டரைத் தாண்டும், வாய்க்குள் போகும் மீனை விழுங்கும். அது பசி, பகையல்ல. தன் அளவுள்ள அமைதியான பெரிய மீன்களோடு அது பெரும்பாலும் ஒத்துப்போகும். ஒற்றை ஆஸ்காருக்கே 280 லிட்டர் தொட்டியும் நல்ல ஃபில்டரும் வேண்டும், அழுக்கு அவ்வளவு சேரும்.

கன்விக்ட் என்ற சிக்லிட் இதற்கு நேரெதிர். சிறைக்கைதியின் உடைபோலக் கறுப்புக் கோடுகள் இருப்பதால் அந்தப் பெயர். பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர்தான் இருக்கும். சாதுபோல வாங்கி வைத்த ஜோடி, ஒரு பூச்சட்டிக்குள் முட்டையிட்டதும் தன்னைவிட இரண்டு மடங்கு பெரிய மீனையும் மூலைக்குத் துரத்தும். குஞ்சு பெரிதானதும் தணியும், அப்புறம் அடுத்த முட்டை. இதைக் காவல் முரடு என்று சொல்லலாம். மருந்து ஒன்றுதான்: ஜோடிக்குத் தனித்தொட்டி.

ஜாக் டெம்ப்சி என்ற சிக்லிடுக்குப் பெயர் கொடுத்தவர் 1919 முதல் 1926 வரை உலக ஹெவிவெயிட் பட்டம் வைத்திருந்த அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர். பெயரைக் கேட்டுப் பயப்படும் அளவுக்கு அது மோசமில்லை. உண்மையான முரடு என்றால் ரெட் டெவில், ஜாகுவார் என்ற சிக்லிடுகள். இவை முட்டை இல்லாதபோதும் தொட்டி முழுவதையும் தன் எல்லையாகவே பார்க்கும். ஒரு தொட்டிக்கு ஒன்று என்பதுதான் பாதுகாப்பு. இரண்டு போட்டால் பெரும்பாலும் ஒன்றுதான் மிஞ்சும்.

ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியில் வாழும் ம்புனா வகை சிக்லிடுகளில் கணக்கே மாறுகிறது. ஏரிக்கரை மக்களின் மொழியில் அந்தச் சொல்லுக்குப் பாறைமீன் என்று பொருள். ஒவ்வோர் ஆணும் ஒரு பாறை இடுக்கைப் பிடித்துக்கொண்டு அங்கிருந்து விரட்டும். நாலைந்து மீன்கள் மட்டும் இருந்தால் பலவீனமான ஒன்றின் மேல் எல்லா அடியும் விழுந்து அது செத்துப்போகும். அதனால் பெரிய தொட்டியில் கொஞ்சம் நெருக்கமாகவே, ஓர் ஆணுக்குப் பல பெண்கள் என்று விடுகிறார்கள். அடி பங்கு பிரிந்துவிடும். அந்த நெருக்கத்துக்கு வலுவான ஃபில்டரும் ஒழுங்கான வாட்டர் சேஞ்சும் இல்லாவிட்டால் கதை முடிந்தது. தண்ணீர் தாது உப்பு மிகுந்த கடின நீராக, பிஎச் (அமில-கார அளவு) 7.8 முதல் 8.6 வரை இருக்க வேண்டும். தீனி பாசி சார்ந்ததாக இருக்கட்டும், இறைச்சித் தீனி வயிற்றைக் கெடுக்கும். மென்னீர் பழகிய ஆஸ்காரோடு இவற்றைச் சேர்ப்பது, 'முரடோடு முரடு' என்ற ஒரே சொல்லை நம்பி நடக்கும் தவறு.

ஆகவே கடையில் 'முரடா?' என்று மட்டும் கேட்டால் பயனில்லை. எதை விழுங்கும், எப்போது காவல் நிற்கும், எவ்வளவு இடத்தைத் தனது என்கும் என்று பிரித்துக் கேளுங்கள். இடத்துக்காகச் சண்டையிடும் எல்லை முரடு உள்ள தொட்டியில் புதிய மீனை விடும்போது முதலில் கற்களையும் குகைகளையும் இடம் மாற்றி அடுக்குங்கள். பழைய எல்லைகள் கலைந்திருந்தால் பழைய மீனும் புதிதாகவே இடம்பிடிக்க வேண்டியிருக்கும். மீன்கள் ஒன்றையொன்று நேரே பார்க்க முடியாதபடி கற்களை மறைப்பாக அடுக்கினால் துரத்தல் பாதி வழியில் அறுந்துபோகும். விளக்கை அணைத்துவிட்டு விடுவது இன்னும் நல்லது.