நாற்றுக் கிண்ணத்தின் அடியில் நிற்கும் தண்ணீர்

கார்த்திகை முடியும் நேரம். மூன்று நாள் அடைமழை விட்ட மறுநாள் காலை குரோம்பேட்டையில் எங்கள் மொட்டை மாடிக்கு ஏறிப் பார்த்தேன். மிளகாய் நாற்று முழுக்கத் தரையோடு படுத்திருந்தது. இலை வாடவில்லை, பச்சை மாறவில்லை. மண்ணைத் தொடும் இடத்தில் மட்டும் தண்டு நூலாக இளைத்து, பழுப்பேறி, மடிந்திருந்தது. பிரியாணி வந்த பிளாஸ்டிக் டப்பாவில் விதைத்திருந்தேன். அடியில் ஆறு ஓட்டை போட்டிருந்தேன்; தண்ணீர் வடியவும் செய்தது. ஆனாலும் ஒரு நாற்றுகூடத் தேறவில்லை.

அதே மழையில், அதே மாடியின் இன்னொரு மூலையில், கீழ்வீட்டுப் பெரியம்மாவின் கத்தரி நாற்று நிமிர்ந்து நின்றது. உயரமான தயிர் டப்பாக்கள். ஒவ்வொன்றையும் ஒரு பக்கம் செங்கல் துண்டு கொடுத்துச் சாய்த்து வைத்திருந்தார். “மழை விட்டதும் சாய்ச்சு வச்சிடணும்பா. அடியில நிக்கிற தண்ணி அப்பதான் இறங்கும்” என்றார். ஓட்டை போட்ட டப்பாவில் தண்ணீர் எப்படி அடியில் நிற்கும் என்று எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை. பிறகு சமையலறையில் ஒரு ஸ்பாஞ்சை வைத்துக்கொண்டுதான் விளங்கியது.

நீங்களும் செய்து பார்க்கலாம். பாத்திரம் தேய்க்கும் செவ்வகமான ஸ்பாஞ்சைத் தண்ணீரில் நன்றாக ஊறவிட்டு, படுக்கைவாட்டில் தட்டையாகத் தூக்கிப் பிடியுங்கள். கொஞ்ச நேரம் சொட்டிவிட்டு நின்றுபோகும். பிழியாமல், அப்படியே நீளவாட்டு விளிம்பு கீழே வரும்படி திருப்புங்கள். நின்ற சொட்டு மறுபடி தொடங்கும். அதுவும் நின்றபின் ஸ்பாஞ்சைச் செங்குத்தாக நிறுத்துங்கள். மூன்றாவது முறையும் தண்ணீர் இறங்கும். அதே ஸ்பாஞ்சு, அதே துளைகள். மாறியது உயரம் ஒன்றுதான்.

மண்ணிலும் தென்னை நார்க்கழிவிலும் நடப்பது இதுவே. துகள்களுக்கு இடையே உள்ள சந்துகள் மெல்லிய குழாய்கள் மாதிரி வேலை செய்கின்றன. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிறதே, அதே நுண்புழை விசைதான். 1 மில்லிமீட்டர் விட்டமுள்ள சுத்தமான கண்ணாடிக் குழாயைத் தண்ணீரில் நிறுத்தினால், தண்ணீர் ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் உயரம் ஏறி நிற்கும். விட்டத்தைப் பாதியாக்கினால் உயரம் இரு மடங்கு, 6 சென்டிமீட்டர். ஏற்றுகிற அந்த விசை, இறங்கவிடாமல் பிடித்தும் வைக்கும். கிண்ணத்தில் ஊற்றிய தண்ணீர் புவியீர்ப்பால் கீழே வருகிறது. ஆனால் அடிப்பகுதிச் சந்துகள் கடைசிச் சில சென்டிமீட்டரை விடுவதில்லை. ஓட்டை திறந்திருந்தாலும் அந்தத் தண்ணீர் சொட்டாது. எல்லாச் சந்துகளும் நிரம்பி, காற்றுக்கு இடமே இல்லாத ஒரு நீர் அடுக்கு அடியில் தேங்கிவிடுகிறது.

கிண்ணம் தேர்ந்தெடுப்பவர்களுக்கு இதற்கு அடுத்த செய்திதான் முக்கியம். அந்த அடுக்கின் தடிமனைத் தீர்மானிப்பது உள்ளே போட்ட மண்கலவை. கிண்ணம் குட்டையா நெட்டையா என்பதைப் பொறுத்து அது மாறாது. உங்கள் கலவை 4 சென்டிமீட்டர் தண்ணீரைப் பிடித்து வைக்கும் வகை என்று வைத்துக்கொள்வோம். 5 சென்டிமீட்டர் ஆழமுள்ள பிரியாணி டப்பாவில் போட்டால் மேலே 1 சென்டிமீட்டர்தான் காற்றோட்டம். அதே கலவையை 12 சென்டிமீட்டர் டப்பாவில் போட்டால் 8 சென்டிமீட்டர் மண் மூச்சு விடும். பெரியம்மா டப்பாவைச் சாய்த்தது ஸ்பாஞ்சைத் திருப்பியது போலத்தான். சாய்த்ததும் கீழ் மூலைக்கும் மேல் மூலைக்கும் இடையே உயரம் கூடுகிறது. பிடித்து வைத்திருந்த தண்ணீரில் ஒரு பங்கு கீழ் மூலை ஓட்டை வழியாக இறங்குகிறது.

வேருக்கும் ஆக்சிஜன் வேண்டும். முளைக்கிற விதைக்கு அது இன்னும் அவசரம். சேமித்து வைத்த உணவை எரித்துத்தான் அது தலை நீட்டுகிறது. ஆனால் தண்ணீருக்குள் ஆக்சிஜன் பரவும் வேகம், காற்றில் பரவுவதைவிடச் சுமார் பத்தாயிரம் மடங்கு குறைவு. சந்துகள் நிரம்பிவிட்டால் வேருக்கு மூச்சு முட்டுகிறது. அந்த நேரம் பார்த்து வருகிறது நாற்றழுகல் நோய். அதை உண்டாக்கும் பித்தியம் என்ற பூஞ்சை போன்ற உயிரி, தண்ணீரில் நீந்திப் போகும் வித்துகளை விடுகிறது. ஈரம் நிறைந்த சந்துகள் அவற்றுக்குப் போட்டுத் தந்த பாதை. என் மிளகாய் நாற்றின் கழுத்து மடிந்தது அப்படித்தான். ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்க்கும் சென்னையில், இந்தப் பருவத்தில் விதை போடுகிறவர் முதலில் பார்க்க வேண்டியது கிண்ணத்தின் ஆழத்தை.

தொட்டியின் அடியில் ஜல்லியோ ஓட்டுச்சில்லோ பரப்பினால் தண்ணீர் நன்றாக வடியும் என்று பலரும் நம்புகிறோம். நானும் பல வருடம் பரப்பியிருக்கிறேன். நடப்பதோ நேர்மாறு. மண்ணின் மெல்லிய சந்துகள் பிடித்து வைத்த தண்ணீரை, ஜல்லியின் பெரிய இடைவெளி இழுத்துக்கொள்ள முடியாது. மேலே உள்ள மண் முழுக்க நிரம்பிய பிறகுதான் தண்ணீர் ஜல்லிக்குள் இறங்கும். ஆக நீர் அடுக்கு ஒழிவதில்லை. ஜல்லியின் உயரத்துக்கு மேலே ஏறி, வேருக்கு இன்னும் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. மண் கொட்டாமல் இருக்க ஓட்டையின் மேல் ஒற்றைச் சில்லு போதும்.

பலன் தருவது திரி. பழைய பருத்தி வேட்டியில் ஒரு விரல் அகலத்துக்குக் கிழித்த துணியை ஓட்டை வழியாக நுழைத்து, பாதியை மண்ணுக்குள்ளும் பாதியை வெளியே தொங்கும்படியும் விடுங்கள். தொங்கும் துணி, கிண்ணத்தின் உயரத்தைக் கீழ்நோக்கி நீட்டித் தருகிறது. நின்ற தண்ணீர் அதன் வழியே நுனிக்கு வந்து சொட்டும். அதற்குக் கிண்ணம் தரையை விட்டு உயர்ந்திருக்க வேண்டும். சிமெண்ட் தரையில் தட்டையாக வைத்தால் திரிக்கும் வேலையில்லை, ஓட்டையும் அடைபட்ட மாதிரிதான். ஓட்டைகளை அடியில் மட்டும் போடாமல், அடியை ஒட்டிய பக்கச் சுவரிலும் இரண்டு போடச் சொல்வது இதற்காகத்தான். கீழே தட்டு வைத்துத் தண்ணீரைத் தேக்கும் வழக்கமும் வேண்டாம். வேருக்குக் கெடுதல் என்பதோடு, டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு அந்தத் தண்ணீரில் பத்து நாளுக்குள் பெருகிவிடும்.

பனி விழும் நாடுகளில் குளிர்காலத்தில் வெட்டவெளியில் விதைக்க வேறு கணக்கு. ஒளி புகும் பெரிய பால் கேனை இடுப்பளவில் வெட்டி, மண் நிரப்பி, விதைத்து, மேல்பாதியைத் திரும்ப ஒட்டிப் பனியிலேயே வைத்துவிடுகிறார்கள். மூடியை மட்டும் கழற்றிவிடுவார்கள். அந்த வாய் வழியாக மழையும் பனியும் உள்ளே போகும், மிஞ்சிய சூடு வெளியேறும். லாவண்டர், ஆப்பிள் போன்ற பல குளிர்நாட்டு விதைகள், ஈரக்குளிரில் சில வாரங்கள் கிடந்தால்தான் உறக்கம் கலையும். முளைப்பைத் தடுக்கும் அப்சிசிக் அமிலத்தின் பிடி தளர்ந்து, முளைக்கத் தூண்டும் ஜிப்ரலினின் கை ஓங்க அந்தக் குளிர் வேண்டும். இளவேனில் வந்ததும் கேனுக்குள் வெயில் புகுந்து மண்ணைச் சூடாக்குகிறது. சூடான காற்றில் பெரும்பங்கு சட்டென்று வெளியே ஓட முடியாமல் உள்ளேயே நிற்கிறது. அங்கே கிண்ணத்தின் வேலை சூட்டைப் பிடித்து வைப்பது.

நம் மார்கழி அப்படியில்லை. ஜனவரியிலும் சென்னையில் பகல் வெப்பம் 29, 30 டிகிரி செல்சியசைத் தொடும். இரவு 20, 21-க்கு இறங்கும். தக்காளி, மிளகாய், கத்தரி விதைகள் முளைக்க இதுவே போதுமான சூடு. இவற்றுக்குக் குளிர் உறக்கமும் கிடையாது. வீடியோவில் பார்த்துவிட்டுத் தண்ணீர் கேனை வெட்டி மூடி வெயிலில் வைத்தால், மதியம் உள்ளே கை வைக்க முடியாத அளவுக்குக் கொதிக்கும். லெட்யூஸ் மாதிரியான கீரைகளின் விதை 30 டிகிரியைத் தாண்டினாலே முளைக்காமல் அடங்கிப்போகும். இங்கே கிண்ணம் சூட்டை விட வேண்டும், மழைத் தண்ணீரையும் விட வேண்டும். ஒளி புகும் கிண்ணத்தில் இன்னொரு தொல்லை, உள்சுவர் முழுக்கப் பாசி பிடிப்பது. வேரும் ஒளியை விட்டு விலகிப் போகவே பார்க்கும். வேறு கிண்ணம் இல்லையென்றால் வெளியே செய்தித்தாள் சுற்றிவிடலாம்.

வீட்டில் கிடைப்பதில் எனக்குப் பிடித்தது அரை லிட்டர் பால் கவர். மேல் விளிம்பை ஒட்டி வெட்டி, சோப்புப் போட்டுக் கழுவி (கொழுப்பு ஒட்டியிருந்தால் எறும்பு வரும்), கீழ் மூலை இரண்டையும் கொஞ்சம் நறுக்கிவிட்டால் போதும். மண் நிரப்பியதும் அரைச் சாணுக்குக் குறையாத உயரம் நிற்கும். பிளாஸ்டிக் பூச்சுள்ள பேப்பர் கப்புகளைத் தமிழ்நாடு அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்தபோது, பால் கவருக்கு விலக்குக் கொடுத்தது. அதனால் அது தினமும் வீட்டுக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது. குப்பைக்குப் போகும் முன் ஒரு நாற்றை வளர்த்துக் கொடுக்கட்டும்.

கொட்டாங்குச்சியில் கண்ணுள்ள பாதியை எடுங்கள். மூன்று கண்களில் ஒன்று மட்டும் மெத்தென்று இருக்கும். தென்னையின் சொந்த முளை வெளியே வரும் வாசல் அது. ஓர் ஆணியால் குத்தினாலே வடிகால் தயார். ஆனால் ஆழம் குறைவு, அடி உருண்டை. நீர் அடுக்கு பாதிக்கு மேல் அடைத்துக்கொள்ளும். மழை ஓய்ந்தபின் கீரை விதைக்கவோ, திரி போட்டு வைக்கவோ சரி.

சுட்ட மண் தொட்டியின் சுவரில் நுண்துளைகள் உண்டு. பானைத் தண்ணீர் குளிர்வது போலவே சுவர் வழியே ஈரம் ஆவியாகி, மண்ணின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். மழைக்காலத்துக்கு அருமையான கிண்ணம். தை பிறந்து வெயில் ஏறியதும், கைக்கு அடக்கமான சிறிய தொட்டி காலையில் ஊற்றிய தண்ணீரை மதியத்துக்குள் இழந்துவிடும்.

நர்சரியில் 98 குழி உள்ள தட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். குழிக்கு ஆழம் கம்மி. பிறகு எப்படி அவர்களுக்கு மட்டும் நாற்று அழகாக வருகிறது? நிழல்வலைக்குக் கீழே வைத்து, மழை நேராக விழாமல் பார்த்து, பூவாளியால் அளந்து ஊற்றுகிறார்கள். தட்டைத் தரையில் படாமல் தூக்கி வைத்தால், ஓட்டை வழியாக எட்டிப் பார்க்கும் வேர்நுனி காற்றுப் பட்டுக் காய்ந்துவிடும். நுனி காய்ந்த வேர் பக்கவாட்டில் கிளை விடும். வழவழப்பான உருண்டைக் கப்பில் வேர் சுவரைச் சுற்றிச் சுற்றி வந்து பந்தாகிவிடுகிறது. இங்கே அப்படி ஆவதில்லை.

வெண்டை, அவரை, புடலை, சுரை இவற்றின் வேரைக் கலைத்தால் பிடிக்காது. பெரிய தொட்டியிலேயே நேராக விதைத்துவிடலாம். மழைக்குப் பயந்து முதலில் நாற்றாக வளர்க்க நினைத்தால், டம்ளரைச் சுற்றிச் செய்தித்தாளை உருட்டிச் செய்த கிண்ணம் நல்லது; அப்படியே புதைத்துவிடலாம். புதைக்கும்போது தாளின் விளிம்பு மண்ணுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தால் கிழித்து எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அதுவே ஒரு திரியாகி, வேரைச் சுற்றியுள்ள ஈரத்தை உறிஞ்சிக் காற்றில் விட்டுவிடும்.

இந்த மார்கழியில் என் மிளகாய் பால் கவரில் இருக்கிறது. கவருக்கு நான்கு விதை, ஒவ்வொன்றின் கீழும் வேட்டித் திரி, வரிசையாக இரண்டு மரச்சட்டங்களின் மேல். போன வாரம் இரவெல்லாம் மழை பெய்தது. விடிந்ததும் போய்ப் பார்த்தபோது திரி நுனிகளில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பெரியம்மா எனக்கு முன்பே மேலே வந்து, தன் டப்பாக்களைச் சாய்த்துக்கொண்டிருந்தார்.