பொலிஸ் புத்தகத்தில் காணி கைமாறாது

“சேர், பொலிசில பேசித் தீர்த்தாச்சு, ஆனா எங்களுக்கு அநியாயம் நடந்திருக்கு” என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது திகதியைத்தான். எத்தனையாம் திகதி வேலி போட்டார்கள்? பெரும்பாலும் வரும் பதில், “நாலைஞ்சு மாசம் இருக்கும்.” அதைக் கேட்டதும் வருகிற கோபத்தை யார்மேல் காட்டுவது என்று தெரிவதில்லை. வந்தவர் ஏற்கெனவே நொந்துபோய்த்தான் வந்திருப்பார்.

அண்மையில் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கமிருந்து வந்த ஒரு அம்மாவின் விடயத்தைச் சொல்கிறேன். ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். எங்கள் பக்க வழக்கப்படி வீடும் வளவும் மகளுக்கு. தாயார் நொத்தாரிசு முன்னிலையில் சீதன உறுதி எழுதிக் கொடுத்து, இவர் நெடுங்காலமாக அங்கேயே குடியிருக்கிறார். வெளிநாட்டில் இருந்து திரும்பிய மாமன் மகன், வளவில் கிழக்குப் பாதி தன் தகப்பனுக்கு என்று அந்தக் காலத்தில் வாயால் சொல்லப்பட்டது என்றார். சரி, சொல்லட்டும். அதைக் கேட்க மாவட்ட நீதிமன்றம் இருக்கிறது. அவர் அங்கே போகவில்லை, தெரிந்த பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவரிடம் போனார். எழுதிய முறைப்பாட்டில் காணி என்ற பேச்சே இல்லை. தேங்காய்க் களவு, கத்தியைக் காட்டி மிரட்டல், அவ்வளவுதான்.

அம்மாவையும் மகனையும் காலை எட்டு மணிக்கு வரச் சொல்லி, சிறு குற்றப் பிரிவு வாங்கிலில் பொழுது சாயும்வரை இருத்தி வைத்திருக்கிறார்கள். பிறகு, “கோட்டுக்குப் போட்டா மகன் ரெண்டு கிழமை மறியலில. இதில கையெழுத்த வைங்க, பிரச்சினை முடிஞ்சிடும்.” சிங்களத்தில் எழுதிய நாலு வரிக்குக் கீழே அவர் கையெழுத்து வைத்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கம்பிச்சுருளும் கொங்கிறீட் கட்டைகளும் வந்திறங்கின. ஒழுங்கை வாசலில் பொலிஸ் ஜீப் நின்றது. அதிலிருந்து யாரும் இறங்கவில்லை, யாரையும் அடிக்கவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. ஜீப் நிற்கும்போது எந்த அயலவன் வேலியைத் தடுக்க வருவான்? மத்தியானத்துக்குள் கிணறு அந்தப் பக்கம் போய்விட்டது.

இனி எனக்கு அதிகம் எரிச்சல் தரும் விடயத்துக்கு வருகிறேன். “பொலிசில தீர்ப்புச் சொல்லிட்டாங்க” என்கிறார்கள். படிக்காதவர்கள் மட்டும் என்று நினைக்காதீர்கள், ஓய்வுபெற்ற அதிபர்களும் என்னிடம் இதையே சொல்லியிருக்கிறார்கள். பொலிசில் தீர்ப்புக் கிடையாது. அங்கே எழுதப்படுவது பதிவு: இன்னார் வந்தார், இன்னது சொன்னார். பொறுப்பதிகாரி கையெழுத்து வைத்து முத்திரை குத்தினாலும் அது பதிவுதான். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றைக்கும் நடைமுறையில் இருக்கிறது. தனியார் காணி ஒன்றை எழுதிக் கொடுப்பதென்றால் நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் முன்னால் இருந்து கையெழுத்திட்ட உறுதி வேண்டும். நீங்கள் மனமுவந்து விட்டுக்கொடுத்தாலும், இரு பக்கமும் கட்டிப்பிடித்து அழுதாலும், பொலிஸ் புத்தகத்தால் ஒரு பேர்ச்சஸ்கூட கைமாறாது. நல்ல அதிகாரி ஒருவர் உறுதியையும் பிளானையும் விரித்து வைத்துப் பார்த்து, உண்மையான சொந்தக்காரர் பக்கமே சொன்னாலும் அதுவும் தீர்ப்பு இல்லை. அவர் சொன்னது சரியா பிழையா என்ற பேச்சுக்கே இடமில்லை. சொல்லும் அதிகாரம் அவருக்கு இல்லை.

அப்படியானால் பொலிசாருக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. காணிப் பிணக்கால் சமாதானம் குலையும் என்று கண்டால், இயன்றளவு தாமதமில்லாமல் நீதிமன்றத்தில் தகவல் தாக்கல் செய்து, இரு தரப்பையும் அங்கே வரச் செய்ய வேண்டும். எங்கள் பக்கத்தில் எல்லாரும் ‘அறுபத்தாறு வழக்கு’ என்பது இதைத்தான். அந்த வழக்கில் நீதவான்கூடக் காணி யாருடையது என்று தீர்ப்பதில்லை. தகவல் தாக்கல் செய்த அன்று யார் இருப்பில் (அதாவது காணியைக் கையில் வைத்து) இருந்தார், அதற்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் யாராவது பலவந்தமாக வெளியேற்றப்பட்டாரா என்பதைத்தான் பார்ப்பார். 1982இல் இராமலிங்கம் எதிர் தங்கராஜா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. சொந்தம் யாருக்கு என்பது மாவட்ட நீதிமன்றத்தின் வேலை. நீதவானே தொடாத கேள்விக்கு ஒரு சார்ஜன் எப்படி விடை சொல்வார்?

அந்த இரண்டு மாதத்தை வைத்துத்தான் விளையாட்டே நடக்கிறது. பின்னோக்கி எண்ணத் தொடங்குவது தகவல் தாக்கல் செய்த நாளில் இருந்து. ஆகவே எதிர்த்தரப்புக்கு உதவ நினைக்கும் அதிகாரி பெரிதாக ஒன்றும் செய்யத் தேவையில்லை. “கோட்டுக்குப் போடுறம், போடுறம்” என்று இழுத்துக்கொண்டே இருந்தால் போதும். இன்றைக்கு வா, பெரியவர் லீவு, அடுத்த கிழமை வா. ஒன்பது கிழமை ஓடிவிட்டால், வேலி போட்டவரே ‘இருப்பில் உள்ளவர்’. ஆனால் பொலிஸ் தாக்கல் செய்யும்வரை நீங்கள் காத்திருக்கவே தேவையில்லை. பிணக்கில் உள்ள தரப்பே சத்தியக்கடதாசியோடு நேரடியாகத் தகவல் தாக்கல் செய்ய அதே 66ஆம் பிரிவு இடம் தருகிறது. இது தெரியாமல் இருப்புப் போனவர்களின் கோவைகள் என் அலுமாரியில் நிறைய இருக்கின்றன. (நாங்கள் நேரே போகும்போது, சமாதானம் குலையும் நிலை இருக்கிறது என்று நீதவானைத் திருப்திப்படுத்த வேண்டும். அதனால் மிரட்டலுக்கும் கைகலப்புக்கும் உள்ள ஆதாரத்தைச் சத்தியக்கடதாசியில் சேர்க்கச் சொல்லி உங்கள் சட்டத்தரணியை நச்சரியுங்கள்.)

இரண்டு மாதம் கடந்துவிட்டதால் படுவான்கரை அம்மாவுக்கு அந்தக் கதவு மூடிவிட்டது. 1871ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டத்தின்படி, வெளியேற்றப்பட்டு ஒரு வருடத்துக்குள் இருப்பை மீட்க மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம் என்பதால் அதைப் போட்டிருக்கிறோம். உறுதி இருக்கிறது. நேரம்தான் எடுக்கும். அதுவரை தண்ணீர் அள்ள அயல் வீட்டுக் கிணற்றுக்குப் போகிறார்.

பொலிசுக்கு அழைத்தால் போங்கள், ஓடி ஒளியாதீர்கள். ஆனால் தனியாகப் போகாதீர்கள். பொலிஸ் நிலையத்தில் கட்சிக்காரருக்காகச் சட்டத்தரணி தோன்றுவதற்கு 2012இலேயே விதி வந்துவிட்டது. “லோயர கூட்டிட்டுப் போனா பொலிசுக்குக் கோபம் வரும்” என்று சொல்லாதீர்கள். வரட்டும். வாக்குமூலத்தைத் தமிழில் எழுதக் கேளுங்கள். அரசியலமைப்பின்படி வடக்கிலும் கிழக்கிலும் பொதுப் பதிவேடுகளைப் பேண வேண்டிய மொழி தமிழ். தமிழில் எழுத ஆள் இல்லை என்றால், வாசித்துக் காட்டாத எதிலும் கையெழுத்து வேண்டாம். ‘இத்தனையாம் திகதி விட்டுத் தருகிறேன்’ என்ற வசனம் இருந்தால் எந்த மொழியில் இருந்தாலும் வேண்டாம். அப்புறம், தயவுசெய்து, மூல உறுதியைப் பொலிசில் கொடுக்காதீர்கள்! போட்டோப் பிரதி போதும். தொலைந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்கலாம் என்பது உண்மைதான், ஆனால் சுனாமியில் உறுதியைப் பறிகொடுத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், அந்த அலைச்சல் எப்படி என்று.

வேலி போட வந்தால் கைகலக்காதீர்கள். ஒரு கட்டையைப் பிடுங்கினாலும் அன்று பின்னேரமே நீங்கள்தான் சந்தேகநபர். போனில் படம் எடுங்கள், ஜீப் நின்றால் அதன் இலக்கமும் தெரிய எடுங்கள். அன்றைக்கே உதவிப் பொலிஸ் அத்தியட்சகருக்கும் பொலிஸ் அத்தியட்சகருக்கும் பதிவுத் தபாலில் கடிதம் போட்டுப் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கும் முறையிடலாம். மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு மட்டக்களப்பிலும் கல்முனையிலும் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. பொலிசார் உங்கள் அடிப்படை உரிமையை மீறினார்கள் என்று உச்ச நீதிமன்றம் போவதானால் ஒரே ஒரு மாதம்தான். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்குப் போனால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. முறைப்பாட்டைப் போட்டுவிட்டு வீட்டில் இருந்தால் எல்லாம் நின்றுவிடும் என்று அர்த்தம் இல்லை. போய்க் கேளுங்கள், விசாரணை தொடங்கியதா என்று.

“இது எங்கட வேலை இல்ல, கோட்டுக்குப் போங்க” என்று இரு பக்கத்தையும் திருப்பி அனுப்பும் அதிகாரிகளையும் இந்த மாவட்டங்களில் எனக்குத் தெரியும். அவர்களைத்தான் சனம் ‘ஒண்டும் செய்யாத பொலிஸ்’ என்று திட்டுகிறது. பொலிசை வைத்து மாமன் மச்சானை மடக்கப் பார்ப்பதும் நம் ஆட்கள்தானே. ஆள் பிடித்து, தொலைபேசி எடுத்து, சாப்பாடு வாங்கிக் கொடுத்து. பேசித் தீர்க்கத்தான் விருப்பம் என்றால் மத்தியஸ்த சபை இருக்கிறது, அங்கே யாரையும் வாங்கிலில் இருத்தி வைக்கமாட்டார்கள்.

அம்பாறைப் பக்கம் அரச அனுமதிப்பத்திரக் (பெர்மிட்) காணி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. உங்கள் பெர்மிட்டில் பிணக்கு என்றால் அது பிரதேச செயலகத்தின் விடயம். பெர்மிட்டை இரத்துச் செய்வதற்குக்கூட முறையான அறிவித்தலும் விசாரணையும் இருக்கின்றன. “பெர்மிட் காணிதானே, உனக்கு உறுதி இல்லத்தானே, எழும்பு” என்று காக்கி உடையில் ஒருவர் வந்து சொன்னால், எந்தக் கட்டளையின்படி என்று கேளுங்கள். எழுத்தில் தரச் சொல்லுங்கள்.