குறைமாசக் குழந்தைக்கு மூச்சு ஏன் திணறுது?

ஏழாம் மாசம் பொறந்தா பிழைச்சுக்கும், எட்டாம் மாசம் பொறந்தாதான் ஆபத்தாமே, நிஜமான்னு ஒருத்தர் கேட்டிருந்தார். சுத்தப் பொய்ங்க. பழைய கிரேக்க வைத்தியர்கள் காலத்துலேருந்து உருட்டிட்டு வர்ற கதை. வயித்துல ஒரு வாரம் கூட இருந்தாலும் நுரையீரலுக்கு லாபம்தான்.

நுரையீரல்ல இருக்கிற குட்டிக் குட்டிக் காத்துப்பை, ரத்தம், ஆக்சிஜன் எல்லாம் ஸ்கூல்ல படிச்சதுதான், விட்டுடறேன். சூட்சுமம் அந்தக் குட்டிப் பைக்குள்ள பூசியிருக்கிற ஈரத்துல இருக்கு. தண்ணிக்கு பரப்பு இழுவிசை, அதாவது மேல்பரப்பை இழுத்துச் சுருக்கப் பாக்கிற விசை உண்டுல்ல, அது பையை சுருக்கப் பாக்கும், பை சின்னதாக ஆக உள்ள அழுத்தம் ஏறும், காத்து பக்கத்துப் பெரிய பைக்கு ஓடிடும், சின்னது சப்பையா ஒட்டிக்கும். கணக்குப்படி நம்ம எல்லாருக்கும் இப்படித்தான் ஆகணும்.

ஆகலையே! காரணம் சர்ஃபாக்டன்ட், பெரும்பாலும் கொழுப்பு, கொஞ்சம் புரதம். அதோட மூலக்கூறு தலையை தண்ணியில வச்சு வாலை காத்துப் பக்கம் நீட்டிக்கிட்டு நிக்கும். மூச்சை விடும்போது பை சுருங்குதா, இதுங்க கூட்ட நேரத்து பஸ் மாதிரி நெருக்கியடிச்சு நிக்க, இழுவிசை கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு வந்துடும். மூச்சை இழுத்தா விலகும், இழுவிசை ஏறும். அதாவது பை எப்ப ஒட்டிக்கப் போகுதோ கரெக்டா அப்பதான் இழுவிசை குறையுது! மூளை உத்தரவு போடல, நரம்பு வேலை இல்ல, வெறும் நெரிசல்தான். எனக்கு இது எத்தனை தடவை படிச்சாலும் அலுக்கல.

இந்த சர்ஃபாக்டன்ட் போதுமான அளவு சேர, வயித்துல 34, 35 வாரம் ஆகும். அதுக்கு முன்னாடி பொறந்த குழந்தை ஒவ்வொரு மூச்சுக்கும் ஒட்டின பையை புதுசா பிரிக்கணும். விலாவுக்கு நடுவுல சதை உள்ள இழுக்கும், மூச்சு விடும்போது முனகும். அந்த முனகல் அழுகை இல்லைங்க, குரல்வளையைப் பாதி மூடி காத்தை உள்ள பிடிச்சு வைக்கிற முயற்சி. என்.ஐ.சி.யூல, அதாவது பச்சைக் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவுல, மூக்குல மாட்டி அழுத்தத்தோட காத்து கொடுக்கிற சிபாப் மெஷினும் அதே வேலையத்தான் செய்யுது.

1959ல மேரி எல்லன் ஏவரியும் ஜெரி மீடும் இந்தக் குழந்தைகளுக்கு சர்ஃபாக்டன்ட் குறைவுன்னு காட்டினாங்க. நுரையீரல் ஈரத்தோட இழுவிசையை அளந்து அதுக்கு வழி போட்டது ஜான் கிளெமன்ட்ஸ், அமெரிக்க ராணுவத்தோட ரசாயன ஆயுத ஆராய்ச்சிக்கூடத்துல இருந்தவர். நுரையீரல் ஈரத்தோட இழுவிசையை அளக்கப் போறேன், பணம் கொடுங்கன்னு கேட்டா இன்னைக்கு எந்தக் கமிட்டி கையெழுத்து போடும்? "இதனால என்ன பிரயோஜனம்"னு திருப்பி அனுப்பிடுவாங்க.

1963ல அமெரிக்க ஜனாதிபதி கென்னடியோட பையன் 34 வாரத்துல பொறந்து 39 மணி நேரத்துல இதே நோயில போயிட்டான், ஜனாதிபதிக்கும் மருந்து கிடையாது. 1980லதான் ஜப்பான்ல ஃபுஜிவாரா மாட்டு நுரையீரல்லேருந்து எடுத்த சர்ஃபாக்டன்டை 10 குழந்தைகளுக்கு மூச்சுக்குழாய் வழியா ஊத்திப் பலன் காட்டினார்.

இப்ப பிரசவம் முந்தும்னு தெரிஞ்சா அம்மாவுக்கே ஸ்டீராய்டு ஊசி போட்டுடறாங்க, குழந்தை நுரையீரல் உள்ளயே சீக்கிரம் தயாராகும். நியூசிலாந்துல லிக்கின்ஸ்ங்கிற டாக்டர் ஆட்டுக்கு பிரசவ வலி எதனால வருதுன்னு பாக்க, வயித்துல இருக்கிற குட்டிக்கு ஸ்டீராய்டு கொடுக்கப் போய், மூச்சே விட முடியாத வயசுல பொறந்த குட்டி மூச்சு விட்டதைப் பாத்து பிடிச்ச நூல் அது, 1972ல ஹோவியோட சேர்ந்து மனுஷங்ககிட்டயும் பலிக்குதுன்னு காட்டிட்டார்.