இடியட்: தமிழில் ஏன் ‘அசடன்’?

தஸ்தயெவ்ஸ்கியின் நாவல் ‘இடியட்’, ரஷ்ய மொழியில் ‘இதியோத்’. வேர் கிரேக்கம். ‘இதியோஸ்’ என்றால் தனக்குரியது. அதில் பிறந்த ‘இதியோதேஸ்’ ஏதென்ஸில் அரசுப் பொறுப்பு எதிலும் இல்லாத தனியாளைக் குறித்தது; பிறகு துறைப்பயிற்சி இல்லாதவனை. லத்தீனில் கல்லாதவன் என்றானது. 19ஆம் நூற்றாண்டு மருத்துவத்தில் அறிவு வளர்ச்சி மிகக் குன்றியவருக்கான பெயர். இன்று மருத்துவர்கள் இதைக் கைவிட்டுவிட்டார்கள்.

தஸ்தயெவ்ஸ்கி 1868-69இல் தொடராக வெளியிட்ட இந்த நாவலில் இந்த மருத்துவப் பொருளும் வசவும் ஒரே சொல்லில் இருக்கின்றன. வலிப்பு நோய்க்கு சுவிட்சர்லாந்தில் சிகிச்சை பெற்றுத் திரும்புகிறான் இளவரசன் மிஷ்கின். பீட்டர்ஸ்பர்கில் நஸ்தஸ்யா பிலிப்போவ்னா என்ற பெண்ணை ஒருவர் 75,000 ரூபிளோடு கான்யா என்பவனுக்குக் கட்டிவைக்கப் பார்க்கிறார். அவளை அடையத் துடிக்கும் ரோகோஷின் ஒரு லட்சம் ரூபிளைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவருகிறான். அவளுக்கு விலை பேசாமல் மணக்க முன்வருபவன் மிஷ்கின். அவனுக்குத்தான் இந்தப் பட்டம்.

தமிழில் எது பொருந்தும்? ‘முட்டாள்’ வெறும் வசவு. அன்புக்கு அதில் இடமில்லை. ‘பேதை’யின் குணமான பேதைமையைக் குறள் 831 தீமையைப் பற்றிக்கொண்டு நன்மையை நழுவவிடுதல் என்று வரையறுக்கிறது. மிஷ்கின் நழுவவிடுவது ஆதாயத்தைத்தான், நன்மையை அல்ல. ‘வெகுளி’ நெருங்கி வருகிறது. ஆனால் பழந்தமிழில் அதற்குக் கோபம் என்று பொருள் (குறளின் ‘வெகுளாமை’ அதிகாரம் சினம் கொள்ளாமை பற்றியது). கள்ளமற்றவன் என்பது பிற்கால வழக்கு. பொருள் மாற்றம்கூடப் பெரிய தடை இல்லை. யாரையும் வெகுளி என்று முகத்துக்கு நேரே திட்ட முடியாது என்பதுதான் சிக்கல். கான்யாவோ மிஷ்கினை இடியட் என்று நேரிலேயே ஏசுகிறான்.

‘அசடு’ அப்படியல்ல. எரிச்சலில் எறியலாம், ‘போடா அசடே’ என்று கொஞ்சவும் செய்யலாம். எம்.ஏ.சுசீலா தன் மொழிபெயர்ப்புக்கு ‘அசடன்’ என்று பெயர் வைத்தது அதனால்தான் மிகச் சரி.

தேர்ந்த சொல்லை இடத்துக்கு இடம் மாற்றக் கூடாது. வசவுக்கு ‘மடையா’, நோய்க்கு ‘மனவளர்ச்சி குன்றியவன்’ என்று பிரித்தால் நாவலின் முடிவு சிதறிவிடும். மிஷ்கினின் கடைசி நிலையைக் கண்டால் சுவிட்சர்லாந்தில் அவனுக்குச் சிகிச்சை அளித்த டாக்டர் ஷ்நைடர் அன்றுபோலவே சொல்லியிருப்பார் என்று நாவல் குறிப்பது இதே ஒற்றைச் சொல்லை.

முதல் அத்தியாயத்தில் ரோகோஷின் மிஷ்கினைப் பார்த்துச் சொல்லும் ‘யுரோதிவி’ வேறு. கடவுளுக்காகப் பித்தரைப்போல் திரிந்த ரஷ்யத் துறவிகளை அப்படி அழைத்தார்கள். மாஸ்கோவின் புனித வசீலி தேவாலயம் அத்தகைய ஒருவரின் பெயரைத் தாங்கியது. ‘பித்தா பிறைசூடீ’ என்று பாடிய மொழியில் அதற்கு ‘இறைப்பித்தன்’ இயல்பாக நிற்கும்.