பூச்சி மாத்திரை இதயம்வரை போகாது

"பூச்சி மாத்திரையெல்லாம் குடுத்தாச்சுல்லா, டாக்டரம்மா?" என்றார் சேரன்மகாதேவிப் பக்கத்து அண்ணாச்சி. அசாமில் ராணுவ வேலை முடிந்து, நாயையும் ரயிலேற்றி ஊருக்குக் கூட்டி வந்தவர். வயக்காட்டில் கொஞ்சம் ஓடினாலே அதற்கு இருமல், இரைப்பு.

ஒரு சொட்டு ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். சிவப்பணுக்களைத் தள்ளிக்கொண்டு நூல் நூலாய் நெளிந்தன குட்டிப் புழுக்கள். அவரையும் பார்க்கச் சொன்னேன். அப்புறம் அவர் மாத்திரைப் பேச்சையே எடுக்கவில்லை. கிட் பரிசோதனையும் இதயப்புழுதான் என்றது.

நாம் வழக்கமாகக் கொடுக்கும் மாத்திரை குடல் புழுவுக்கானது. இதயப்புழுவோ கொசுக்கடியில் வருவது. கடிவாயில் நுழையும் இளம்புழு ஆறேழு மாதத்தில் நுரையீரல் ரத்தக்குழாயில் போய் வளர்ந்து நிற்கும். பெண் புழு 30 செ.மீ. வரை நீளும்; 5 முதல் 7 வருடம் வாழும்.

இந்தியாவில் இது வடகிழக்கில்தான் அதிகம். தெற்கே கூடுதலாகப் பார்ப்பது அதன் பங்காளியான டைரோஃபைலேரியா ரெப்பன்ஸை. அது தோலுக்கடியில் வாழும். மனிதர் கண்ணுக்கும் வந்ததுண்டு. அதற்காக நாம் நிம்மதியாக இருக்க முடியாது. ரயிலேறி வரும் புழுவைப் பரப்பக் கொசு இங்கே தயார். கார், பிசானம் இரண்டு நெல் பருவத்திலும் வயல் நிறையத் தண்ணீர், கோடையில் வீட்டுத் தொட்டி. கொசு இல்லாத மாதம் எது?

தடுப்பு மாத்திரை மாதம் ஒன்று. போன மாதம் உள்ளே வந்த இளம்புழுவைத்தான் அது கொல்லும். இடையில் விட்டால், வளர்ந்துவிட்ட புழு அதற்கு மசியாது. வளர்ந்த நாய்க்கு முதலில் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். ரத்தத்தில் குட்டிப் புழு மண்டிக் கிடக்கும்போது எல்லாம் ஒரேயடியாகச் செத்தால் நாய் அதிர்ச்சியில் விழும்.

மாட்டுக்கு வாங்கிய ஐவர்மெக்டின் ஊசியை நாய்க்கும் போடுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பயம். 20 கிலோ நாய்க்கு இதயப்புழுத் தடுப்புக்கு 120 மைக்ரோகிராம் போதும். அந்த 1 சதவீத மருந்தில் ஒரு மில்லியிலேயே 10,000 இருக்கிறது! கோலி போன்ற சில நாய் இனங்கள் செத்தே போகும்.

அண்ணாச்சிக்குச் சிகிச்சைச் செலவைவிடப் பெரிய வருத்தம், நாயைக் கட்டிப்போடச் சொன்னதுதான். சிகிச்சையில் சாகிற வளர்ந்த புழு துண்டு துண்டாகப் போய் நுரையீரல் குழாயை அடைக்கும். அந்த நேரத்தில் ஓடினால் உயிருக்கே ஆபத்து.

"தெனமும் காலைல எங்கூட ஓடுன நாய்லா" என்றார். இன்னும் சில மாதம் சங்கிலிதான்.