செல்ஃப் ஹோஸ்டிங்: புரவலர் எதற்கு, வழங்கி இருக்கும்போது?

‘உள்ளூர்ப் புரவலர்’ என்றால் யார்? ஊர்த் திருவிழாச் சுவரொட்டியில் கைகூப்பி நிற்பவர் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அது லோக்கல்ஹோஸ்டின் மொழிபெயர்ப்பாம். கணினி தன்னையே அழைத்துக்கொள்ள வைத்திருக்கும் பெயர், 127.0.0.1 என்ற முகவரி, அவ்வளவுதான். அதே வரிசையில் செல்ஃப் ஹோஸ்டிங்கும் ‘சுய புரவல்’ ஆகிவிட்டது. இயந்திர மொழிபெயர்ப்பு இன்னும் ஒரு படி மேலே போய் ‘சுயமாகத் தொகுத்து வழங்கப்படும் மென்பொருள்’ என்கிறது, ஏதோ ஞாயிற்றுக்கிழமைப் பட்டிமன்றம் மாதிரி.

பொருள் எளியது. படம், கோப்பு, கடவுச்சொல் போன்றவற்றை ஏதோ ஒரு நிறுவனத்தின் கணினியில் போட்டு வைக்காமல், நம் பொறுப்பில் உள்ள கணினியில் மென்பொருளை நிறுவி நாமே நடத்துவது. படங்களுக்கு இம்மிச், கோப்புகளுக்கு நெக்ஸ்ட்கிளவுட், வீட்டுத் திரைப்படங்களுக்கு ஜெல்லிஃபின். கூகுள் ஃபோட்டோஸ் 2021 ஜூன் 1 முதல் வரம்பில்லா இலவச இடத்தை நிறுத்திய பிறகு பலர் இந்தப் பக்கம் திரும்பினார்கள்.

ஹோஸ்ட் என்ற சொல்லின் வேர் லத்தீனில் ‘ஹோஸ்பெஸ்’. விருந்தளிப்பவர், விருந்தாளி இருவருக்கும் அது ஒரே சொல். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. கணினிக்குள் அது எப்படி வந்தது என்பதுதான் நமக்கு முக்கியம். இணையத்தின் முன்னோடியான அர்பாநெட் வலையமைப்பில் ஐ.எம்.பி. என்ற சிறு கணினிகள் செய்திகளைக் கடத்தின. அவற்றோடு இணைந்த பல்கலைக்கழகங்களின் பெரிய கணினிகளை ஹோஸ்ட் என்றார்கள். 1969 ஏப்ரல் 7 தேதியிட்ட முதல் ஆர்.எஃப்.சி. என்ற வலையமைப்புத் தொழில்நுட்பக் குறிப்பை எழுதியவர் ஸ்டீவ் கிராக்கர். அதன் தலைப்பே ‘ஹோஸ்ட் சாஃப்ட்வேர்’. அங்கே யாரும் இலை போட்டுப் பரிமாறவில்லை. நிரல்கள் ஓடுகிற கணினி, அதுதான் ஹோஸ்ட்.

இப்போது புரவலருக்கு வருவோம். புரத்தல் என்றால் காத்தல், பேணுதல். சங்கப் பாடல்களில் புரவலர் பெரும்பாலும் தனியாக வருவதில்லை, எதிரே இரவலர் நிற்பார். கொடுப்பவரும் கேட்டு வந்தவரும் சேர்ந்தால்தான் அந்தச் சொல்லுக்கு உயிர். இன்றும் பொது நூலகத்துக்கு நன்கொடை கொடுத்தால் புரவலர் ஆகலாம், பெயரைப் பலகையில் எழுதுவார்கள். அப்படியானால் ‘சுய புரவலர்’ யார்? தனக்குத் தானே பரிசில் கொடுத்துக்கொள்பவரா? செல்ஃப் ஹோஸ்டிங்கின் நோக்கமே இன்னொருவர் தயவில் நம் தரவு இருக்கக் கூடாது என்பது. அதற்குப் போய்த் தயவைக் குறிக்கும் சொல்லையே சூட்டுவது எனக்குப் பொறுக்கவில்லை.

‘தன்னோம்பல்’ என்று ஒரு கட்சி உண்டு. விருந்தோம்பலிலிருந்து எடுத்ததாகச் சொல்வார்கள். விருந்தோம்பலில் விருந்து இருக்கிறது ஐயா, விருந்து என்றால் புதிதாக வந்தவர். அவரை நீக்கிவிட்டால் மிச்சமிருக்கும் தன்னோம்பல், சர்க்கரை நோயாளிக்குச் சொல்லும் உடல்நல அறிவுரை போல ஒலிக்கிறது. போதாக்குறைக்கு ஓம்பலுக்குத் ‘தவிர்த்தல்’ என்ற பொருளும் உண்டு, குறளிலேயே. ஒட்டுண்ணி தங்கும் உயிரை ஓம்புயிரி என்பது உயிரியலில் அழகாகப் பொருந்துகிறது. ஹோஸ்ட் என்று ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டு என்பதால் தமிழிலும் ஒரே வேரைப் பிடித்துத் தொங்க வேண்டுமா?

தனித்தமிழ் நண்பர்கள் ‘தன்வழங்கி’ என்கிறார்கள். தானியங்கிக்குப் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள்: காசு போட்டால் தேநீர் தரும் இயந்திரம் கண்ணில் வரும்.

என் ஓட்டு ‘சொந்த வழங்கி’க்கு. சர்வருக்கு, அதாவது மற்றக் கணினிகள் கேட்பதை அனுப்பும் கணினிக்கு, வழங்கி என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. சேவையகம் என்று பழகியவர்கள் அதையே வைத்துக்கொள்ளட்டும். ‘சொந்த’ என்பதையும் நான் கண்டுபிடிக்கவில்லை. கூகுளின் பிளாகர் தளத்தில் வலைப்பதிவு எழுதிக்கொண்டிருந்தவர்கள் வேர்ட்பிரஸ் என்ற வலைத்தள மென்பொருளை இறக்கி நிறுவியபோது ‘சொந்தத் தளத்துக்கு மாறிவிட்டேன்’ என்றுதான் எழுதினார்கள். எல்லோருக்கும் புரிந்தது. சொந்தம் தூய தமிழா என்று சண்டைக்கு வருபவர்கள், சுயத்தை விட்டுவிட்டு இதை மட்டும் பிடிப்பது ஏன் என்று முதலில் சொல்லட்டும்.

ஒரு நியாயமான மறுப்பு உண்டு. வாடகைக்கு எடுத்த கணினியில், அதாவது வி.பி.எஸ்.ஸில் நடத்தினால் அது சொந்தமா? சொந்தம்தான். வாடகைக் கட்டடத்தில் கடை வைத்தவர் சொந்தத் தொழில் செய்கிறார் என்றுதானே சொல்கிறோம். இதனால்தான் ‘வீட்டு வழங்கி’ என்பதைப் பொதுப்பெயராக நான் ஏற்கவில்லை. அலமாரி மேல் இருக்கும் பழைய மடிக்கணினிக்கு அது சரி, வி.பி.எஸ்.ஸுக்குப் பொருந்தாது.

இன்னொரு குழப்பம், சொந்த வழங்கியையும் திறந்த மூலத்தையும், அதாவது நிரலை யாரும் படிக்கவும் மாற்றவும் விடுவதையும், ஒன்றாக எழுதுவது. திரைப்படங்களுக்கான பிளெக்ஸை நம் கணினியில் நிறுவலாம், ஆனால் அதன் வழங்கி நிரலின் மூலம் மூடியது. அதே வகை மென்பொருளான எம்பி (Emby) தன் மூலத்தை மூடியபோது அதிலிருந்து கிளைத்ததுதான் ஜெல்லிஃபின், 2018 டிசம்பரில். வேர்ட்பிரஸ் திறந்த மூலம்தான், ஆனால் ஒரு நிறுவனம் நடத்தும் வேர்ட்பிரஸ்.காமில் எழுதினால் வழங்கி நம் பொறுப்பில் இல்லை. எதை நிறுவுவது என்று தேடும்போது இரண்டையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

பெயரில் ‘சொந்த’ இருந்தால் தலைவலியும் சொந்தம் என்பது தெரிந்துவிடும். மின்சாரம் போனால், வன்தட்டு செத்தால், புதுப்பித்தலை மறந்தால் யாரிடமும் புகார் சொல்ல முடியாது. படங்களுக்கு ஒரே இடமாக இம்மிச்சை மட்டும் நம்பாதீர்கள், வேறு நகலும் வையுங்கள் என்று அதை உருவாக்கியவர்களே எச்சரித்திருக்கிறார்கள்.

சொற்களைப் பட்டியலாக எடுத்து, திரையைப் பார்க்காமலே மொழிபெயர்க்கிறார்கள் என்பதுதான் என் பெரிய குறை. செயலியின் அமைப்புப் பக்கத்தில் ‘புரவலர்’ என்று ஒரு காலிப் பெட்டி நின்றால், அங்கே 192.168.1.10 போன்ற கணினி முகவரியை இட வேண்டும் என எந்தத் தமிழருக்குத் தோன்றும்? அம்மா தன் பெயரை எழுதுவார், அல்லது அப்பா பெயரை. ‘வழங்கி முகவரி’ என்று போட்டால் வேலை முடிந்தது. பேச்சில் ‘ஹோஸ்ட் பண்றேன்’ என்பதில் எனக்குச் சண்டை இல்லை. தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய உதவும் எஸ்.எஸ்.எச்.சின் கோப்புப் பெயரில் வரும் ஹோஸ்ட்ஸையும் (known_hosts) தொடாதீர்கள். அது கட்டளையில் அப்படியே தட்ட வேண்டியது. தமிழாக்கினால் கணினி கோப்பைக் காணவில்லை என்று சொல்லும்.